எல்லைக்கல் அம்மன்

என் அக்கா குடியிருக்கும் தெருவின் முனையில், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்துக்கு ஓர் அம்மன் இருக்கிறாள். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புப் பாவாடை கட்டி, தலைக்கு மேலே தகரக் கூரையும் போட்டிருக்கிறார்கள். அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அங்கே வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுத்தான் போவேன். பக்திமான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கை கும்பிட்டுக்கொண்டிருக்கும், கண் மட்டும் அவளுடைய உச்சந்தலையில், மஞ்சளுக்கு அடியில், ஒரு கூட்டல் குறியைத் தேடிக்கொண்டிருக்கும். உளியால் வெட்டிய குறி அது. எந்தக் காலத்திலோ நிலம் அளக்க வந்தவர்கள், மூன்று நிலங்கள் கூடும் இடத்தில் நட்டுவிட்டுப் போன எல்லைக்கல்தான் அவள். அந்தக் குறி கண்ணில் பட்டுவிட்டால் அன்றைக்கு அக்கா போடும் சோறு எனக்கு ஒழுங்காக இறங்காது. உப்பு கம்மியா, காரம் ஜாஸ்தியா என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பாள். ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்து நின்றுகொள்வேன்.

எனக்கு இந்த வியாதியை ஒட்டிவிட்டவர் எங்கள் மேடம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையின் மாடியில்தான் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே லேத்தில் இரும்பு கடையும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். மேலே நாங்கள் இருபது பேர் கணினி முன்னால் குனிந்து, நிலங்களின் எல்லைகளை வரைந்துகொண்டிருப்போம். ஒவ்வொரு நிலத்துக்கும் பழைய காலத்தில் அளந்து வரைந்த புலப்படம் ஒன்று உண்டு. அதைத் திரையில் கோடுகளாக இழுத்து, புல எண் போட்டு, மேலிருந்து எடுத்த புகைப்படத்தின் மீது சரியான இடத்தில் உட்கார வைக்க வேண்டும். சொல்வதற்கு லேசாகத்தான் இருக்கிறது. காகிதத்தில் தனித்தனியாகச் சமர்த்தாக இருந்த நிலங்கள், பக்கத்தில் பக்கத்தில் வைத்தவுடன் சண்டை போட ஆரம்பித்துவிடும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும். இல்லையென்றால் நடுவில் நூல் மாதிரி ஓர் இடைவெளி விழும், அது யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். அந்த நூலை மூடுவதற்கும் ஏறியதை இறக்குவதற்கும்தான் எங்களுக்குச் சம்பளம். வெளியே வண்டியில் போகும்போதுகூட மதில் சுவர்களைப் பார்த்து, இது கொஞ்சம் தள்ளி இருக்கிறதே என்று மனசு கணக்குப் போடும். முகப்பேரில் நான் இருக்கும் ஹவுசிங் போர்டு பிளாட்டில் சொந்தமாக ஒரு சாண் மண் கிடையாது. அது ஒரு விதத்தில் நிம்மதி.

மேடம் எங்கள் வேலையைச் சரிபார்ப்பவர். அவர் ஒப்புதல் தராமல் ஒரு வரைபடத் தாளும் வெளியே போகாது. அவர் நாற்காலியில் முழுசாக உட்கார்ந்து வெகு நாள் வரை நான் பார்த்ததே இல்லை. ஒரு முட்டியை நாற்காலியில் ஊன்றி, இன்னொரு காலில் நின்றுகொண்டே திரையைப் பார்ப்பார். டீ ஆறிப்போய் ஆடை கட்டும், அதையே இன்னொரு முறை சூடு பண்ணச் சொல்லி, மறுபடியும் ஆற விடுவார். அவருடைய மவுஸின் சக்கரம் தேய்ந்துபோய்க் கரகரவென்று சத்தம் போடும். உள்ளே போவார், வெளியே வருவார், உள்ளே போவார். அந்தச் சத்தம் சட்டென்று நின்றால் எங்களில் யாரோ மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். வயதில் என்னைவிடச் சின்னவர்தான். ஆனாலும் அவர் கூப்பிட்டால் நான் எழுந்து நின்றுவிடுவேன். எந்தச் சந்தேகத்துக்கும் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. “போய் நின்னு பாத்தியா?” என்பார். என்னிடம் மட்டும் மரியாதை கொடுத்து, “போய் நின்னு பாத்தீங்களாண்ணா?” என்பார். திரையில் வேலை செய்பவர்கள் போய் எங்கே நிற்பது என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொள்வோம்.

அவருடைய வீடு ஆவடியைத் தாண்டி, முத்தாபுதுப்பேட்டைப் பக்கம், ஓர் ஏரியின் மேற்குக் கரையில் இருந்தது. ஏரிக்குக் கீழே இருந்த வயல்களில் அவர் தாத்தாவும் அம்மாவும் கூலி வேலை செய்தவர்கள். வயல்கள் மனைகளானபோது வேலை போனது. கரையோரம் இருந்த குடிசைக்குப் பட்டா கிடைத்தது. தம்பி கம்பெனிக்குப் போய், மேடம் படித்து, குடிசையைத் தளம் போட்ட வீடாக ஆக்கினார்கள். அந்தப் பட்டாவை அவர் அம்மா லாமினேட் பண்ணி சாமி படங்களுக்கு நடுவில் மாட்டி வைத்திருப்பதாக மேடமே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். என் அக்காவும் அதே ஏரியின் கிழக்குக் கரையில்தான் வீடு கட்டிக் குடியிருக்கிறாள். இந்த விஷயம் எங்களுக்குள் அவ்வப்போது பேச்சில் வரும், அவ்வளவுதான். எதிரெதிர் கரைக்காரர்கள் என்று அவர் என்னைக் கிண்டல் பண்ணுவார்.

அந்த ஏரி இருந்த தாள் ஒருநாள் என் மேசைக்கு வந்தது. வழக்கம்போல அதைப் புகைப்படத்தின் மேல் உட்கார வைத்தேன். ஏரியின் எல்லைக்குள் நீல நிறம் நிரப்பினேன். அக்கா வீட்டு மொட்டை மாடி மேலிருந்து எப்படித் தெரிகிறது என்று ஆசையாகத் தேடினேன். மாடி கிடைத்தது. மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரும் தகரக் கொட்டகையும் தெரிந்தது. எல்லாம் நீலத்துக்குள் இருந்தன. அக்கா வீடும், அவள் வரிசையில் இன்னும் சில வீடுகளும் ஏரிக்குள் கிடந்தன.

ஏரிக்குள் வீடு இருந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதலில் நோட்டீஸ் வரும், அப்புறம் பட்டா செல்லாது என்பார்கள், ஒருநாள் காலையில் இடிக்கிற மஞ்சள் வண்டி வந்து நிற்கும். மூடினேன், திறந்தேன், பெரிதாக்கினேன், சிறிதாக்கினேன். மேடத்தின் மவுஸ் மாதிரி என் மவுஸும் கரகரக்க ஆரம்பித்தது. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். அக்கா போனில், பின்பக்கம் ஓர் அறை எடுக்கலாம் என்று இருக்கிறோம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டபோது, சிக்னல் கிடைக்கவில்லை என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன்.

மறுநாள் மேடத்திடம் போய் நின்றேன். அக்கா, வீடு, ஏரி என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “அக்கா ஊடுன்னு சொல்லாதீங்கண்ணா. கோடு தப்புன்னு தோணுதா, அத்த மட்டும் சொல்லுங்க” என்றார். தோன்றுகிறது என்றேன். ஏன் என்றார். அக்கா வீடு ஏரிக்குள் இருக்க முடியாது என்ற ஒன்றைத் தவிர வேறு எந்தக் காரணமும் இல்லை. அவர் முட்டியை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு தாளைத் திறந்தார். சக்கரம் கரகரத்தது. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது.

இங்கே எங்கள் தொழிலில் இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு தாளை நிலத்தில் சரியாக உட்கார வைக்க, தரையில் மாறாமல் இருக்கும் சில புள்ளிகள் வேண்டும். பழைய எல்லைக்கற்கள்தான் அதற்கு உத்தமம். ஆனால் இந்தப் புறநகரில் கற்களை யார் விட்டு வைத்தார்கள்? பாதி வீடுகளுக்கு அடியில் போய்விட்டன, மீதியைப் பக்கத்து நிலத்துக்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள். அதனால் அளவெடுக்கப் போகும் பையன்களுக்குள் ஒரு கணக்கு உண்டு. மஞ்சள் பூசிய கல் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைப் புள்ளியாக எடுத்துக்கொள்ளலாம். சாமியாகிவிட்ட கல்லில் எவனும் கை வைக்க மாட்டான், வைத்த இடத்திலேயேதான் இருக்கும் என்பது அவர்கள் வாதம். பல இடங்களில் அது சரியாகவும் இருந்திருக்கிறது. இந்தத் தாளில் கிடைத்த ஒரே கல், அக்கா தெரு முனையில் இருந்த அம்மன். மதகின் மூலை, பாதையின் வளைவு என்று குத்துமதிப்பாக எடுத்த மற்ற புள்ளிகளை அவளோடு ஒத்துப்போகும்படி இழுத்து வைத்திருந்தோம். மொத்த ஏரியும் அவள் தலையில் நின்றுகொண்டிருந்தது.

மேடம் அன்றைக்கு மதியமே என் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். திருமுல்லைவாயில் தாண்டிப் போய் அக்கா தெரு முனையில் இறங்கினார். அம்மன் முன்னால் செருப்பைக் கழற்றினார். பக்கத்துக் கடையில் கற்பூரம் வாங்கி ஏற்றினார். தப்பா நினைச்சுக்காதே தாயே என்று முணுமுணுத்துவிட்டு, உச்சந்தலையில் இருந்த மஞ்சளை விரலால் மெதுவாக வழித்தார். கூட்டல் குறி தெரிந்தது. அதே கல்தான், சந்தேகமே இல்லை. அப்படியானால் கோடு சரி, அக்கா வீடு ஏரிக்குள்தான் இருக்கிறது என்று தோன்றியது.

அந்த அம்மனுக்குத் தினமும் விளக்கு போடுபவர் பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். நாங்கள் அம்மன் மேல் காட்டிய அக்கறையில் அவருக்கு ஒரே பெருமை. கேட்காமலேயே கதையை எடுத்துவிட்டார். “இவோ முன்ன இங்க இல்ல சார். அதோ கரையாண்ட டிரான்ஸ்பார்மர் கீது பாரு, அங்கதான் இருந்தா. கரண்டுக்காரங்க கம்பம் நடணும்னு சொல்லிக்கினு வந்தாங்க. சும்மா வுட்ருவமா? நாள் பாத்து, பம்பை வெச்சு, கூழு ஊத்தி, மரியாதையா கூட்டியாந்து இங்க உக்கார வெச்சோம்” என்றார். ஒரு சின்னப் பிசகும் இல்லாமல், கீறல்கூட விழாமல் தூக்கி வந்ததாகவும் சொன்னார்.

எனக்கு அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. சாமியைத் தொட மாட்டார்கள் என்று நாங்கள் நம்பினோம். அவர்களோ பம்பை, உடுக்கையோடு நாலு வீடு தள்ளிக் கூட்டி வந்திருக்கிறார்கள். கல் கிழக்கே வந்திருக்கிறது, அதோடு எங்கள் ஏரியும் கிழக்கே வந்துவிட்டது. கல்லைப் பழைய இடத்தில் வைத்துத் தாளை மறுபடி உட்கார வைத்தால் ஏரி மேற்கே நகரும், அக்கா வரிசை முழுக்கக் கரையேறிவிடும். நான் சிரித்துக்கொண்டே திரும்பினேன். மேடம் சிரிக்கவில்லை. வழித்த மஞ்சளைத் திரும்ப அம்மன் தலையில் பூசிவிட்டு, கரைமேல் ஏறி, ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“அண்ணா, அங்க பச்ச டேங்க் ஒண்ணு தெரீதா? அது எங்க ஊடு” என்றார்.

தெரிந்தது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. நகர்வது கோடு இல்லை, ஏரி முழுக்க நகர்கிறது என்பது அந்த ஒரு நிமிஷம் எனக்கு உறைக்கவே இல்லை. இந்தக் கரையில் எவ்வளவு விடுகிறதோ, அந்தக் கரையில் அவ்வளவு எடுத்துக்கொள்ளும். மேடம் அதை இஸ்திரிக்காரர் பேசி முடிப்பதற்குள்ளேயே கணக்குப் போட்டுவிட்டிருந்தார். திரும்பி வரும்போது வண்டியில் அவர் பின்னால் இருப்பதே தெரியவில்லை. அத்தனை ஓயாத ஆள், கையைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தற்காலிகமாகத் தாளை நகர்த்திப் பார்த்தோம். மாமாவின் கொட்டகை வெயிலில் காய்ந்தது. எதிர்க்கரையில் பச்சை டேங்க் வைத்த வீட்டின் சமையலறையும் பின்கட்டும் நீலத்துக்குள் போய்விட்டன. அந்த வரிசையில் இன்னும் சில வீடுகளும் போயின. எங்கள் மேலாளர் நல்லவர்தான், ஆனால் தாள் எப்போது போகும் என்பதுதான் அவர் கவலை. கிழக்குக் கரையை மட்டும் கொஞ்சம் உள்ளே இழுத்துவிடு, மேற்கை அப்படியே விட்டுவிடு, முடிந்தது கதை என்றார். அப்படிச் செய்யவும் முடியும். ரப்பரை இழுக்கிற மாதிரி ஒரு பக்கத்தை மட்டும் இழுத்துச் சரிக்கட்டுவது எங்களுக்குத் தெரிந்த வேலைதான். ஏரி கொஞ்சம் ஒல்லியாகிவிடும். அக்கா வீடு வெளியே, மேடம் வீடும் வெளியே. எந்த மனிதரும் வந்து கேட்கப்போவதில்லை.

எனக்கு அந்த யோசனை தேனாக இருந்தது, அதை மறைப்பானேன். மேடமும் அதற்குத் தலையாட்டிவிட வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தாளைத் திறந்து வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தார். படிக்கட்டில் இறங்கிப் பட்டறை வாசல் வரை போவார், மேலே வருவார், திறப்பார், மூடுவார். பேனா மூடியைக் கடித்துக் கடித்துச் சப்பையாக்கினார். மற்ற தாள்களில் சின்னத் தப்புக்கெல்லாம் எரிந்து விழுந்தார். அவர் பார்க்கும் ஒவ்வொரு பார்வையும் என்னைத்தான் குற்றம் சொல்வதுபோல இருந்தது. உண்மையில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் நானே அவரைக் கீழே டீக்கடைக்கு அழைத்துப் போனேன். மேலாளர் சொன்னபடி செய்துவிடலாமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டேன். டீயை வழக்கம்போல ஆற விட்டுக்கொண்டே சொன்னார்.

“மழ வந்தா தண்ணி நம்ம மேப்ப பாத்துக்கினா வருதுண்ணா? போன மழைல எங்க ஊட்டுப் பின்கட்டுல முழங்காலு தண்ணி. அம்மா அடுப்ப தூக்கி கட்டில் மேல வெச்சாங்க. உங்க அக்கா ஊட்ல ஒரு சொட்டு வந்துச்சா?”

வரவில்லை. அந்த மழையில் அக்கா வீட்டு வாசற்கோலம் மட்டும்தான் அழிந்தது.

“அது ஏரின்னு எனக்கு எப்பவோ தெரியும். எங்கம்மாவுக்குத்தான் தெரியாது” என்றார். ஆறிப்போன டீத் தம்ளரில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து, ஒல்லியாக்கின ஏரியை நம்பி இன்னும் நாலு பேர் அந்தப் பக்கம் வீடு கட்ட வருவார்கள், அவர்களிடம் யார் போய்ச் சொல்வது என்று கேட்டார். என்னிடம் கேட்டதாகத் தெரியவில்லை.

மேலே வந்ததும் தாளைத் திறந்தார். டிரான்ஸ்பார்மர் அடியில் புள்ளியை வைத்து, மொத்தத்தையும் முறையாக நகர்த்தினார். ஒவ்வொரு நிலமும் பக்கத்து நிலத்தோடு சரியாக உட்கார்ந்ததா என்று பொறுமையாகப் பார்த்தார். தன் வீட்டுப் பக்கம் வந்தபோது மட்டும் பெரிதாக்கிப் பார்க்காமல் தாண்டிப் போனார். சரிபார்த்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயர் விழுந்தது. அன்றைக்குத்தான் அவர் முதல் முறையாக நாற்காலியில் முழுசாக உட்கார்ந்தார். எனக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை. எதற்கு நன்றி சொல்வது, எப்படிச் சொல்வது? என் வாயில் வந்தது, டீ சொல்லட்டுமா மேடம் என்பதுதான்.

சில வருஷங்களில் அந்த அலுவலகம் வேறு இடத்துக்குப் போனது. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். இப்போது வேறு கம்பெனியில் இதே வேலையைப் பார்க்கிறார். மேற்குக் கரைக்கு இதுவரை நோட்டீஸ் எதுவும் வரவில்லை. வராமலே போகலாம், நாளைக்கே வந்தாலும் வரலாம். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அம்மா வாசலுக்கு ஓடுவதாக மேடத்தின் தம்பி ஒருமுறை சொன்னான். மகள் கையெழுத்தில்தான் அந்தக் கோடு போயிருக்கிறது என்று அந்த அம்மாவுக்கு இன்னும் தெரியாது. என் அக்காவுக்கும் அவள் வீடு சில நாள் ஏரிக்குள் கிடந்தது தெரியாது. பின்பக்கம் அறை எடுத்துவிட்டாள். மாமா அதில் ஏசி போட்டிருக்கிறார். அந்த அறையில் என்னைப் படுக்கச் சொன்னால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. கைப்பேசியில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, ஏரியைத் தாண்டி, பச்சை டேங்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுவேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் திறப்பேன்.

போன ஆடியில் அக்கா தெருவில் கூழ் ஊற்றினார்கள். நான் போயிருந்தேன். அம்மனுக்கு முன்னால் எலுமிச்சை மாலையோடு மேடம் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு ஆடிக்கும் எதிர்க்கரையிலிருந்து வருவதாக இஸ்திரிக்காரர் சொன்னார். தலைமுடி கொஞ்சம் நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள்தான். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றார். இஸ்திரிக்காரர் உற்சாகமாக இருந்தார். கழிவுநீர்க் குழாய் போட இந்த முனையைத் தோண்டப் போகிறார்களாம். அம்மனை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி, கோபுரம் வைத்துப் பெரிதாகக் கட்டிவிடலாம் என்று தெருவில் பேச்சாம். எனக்குப் பகீரென்றது. வரைபடத்துக்கு இனி அவள் தேவையில்லை, புள்ளி டிரான்ஸ்பார்மர் அடியில் பத்திரமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மாலையைச் சாத்தினார். குனிந்து அம்மன் காதருகே என்று சொல்லும்படி ஏதோ சொன்னார்.

கூழ் வாங்கிக்கொண்டு கரையோரம் நின்றபோது, என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். வீட்டைக் காப்பாற்று என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

“இன்னா கேக்கறதுண்ணா அவ கிட்ட. இனிமேட்டு யாரு வந்து மேளம் அடிச்சு கூப்ட்டாலும் எழுந்து போவாத, இங்கியே இருன்னேன்” என்றார்.

சொல்லிவிட்டு ஏரிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே கூழை ஆற விட்டார்.